ஒன்றுகூடல் வார இறுதியும் ஐம்பது வயது இதயமும்

கோடை விடுமுறை நெருங்கினால் எமது சமூகத்தில் பழைய மாணவர் ஒன்றுகூடல்களும் தொடங்கிவிடும். முன்பெல்லாம் பாடசாலைச் சங்கம் நடத்தும் இராப்போசன விருந்தோடு அது முடிந்துவிடும். இப்போது ஒரே ஆண்டில் உயர்தரப் பரீட்சை எழுதிய வகுப்புத் தோழர்கள் மட்டும் தனியாகக் கூடும் வழக்கம் வந்திருக்கிறது. ரொறன்ரோ, சூரிச், ஒஸ்லோ, பரிஸ், கொழும்பு என்று பல இடங்களிலிருந்தும் வந்து சேர்கிறார்கள். இங்கே இங்கிலாந்தில் நகருக்கு வெளியே பெரிய வீடொன்றை வாடகைக்கு எடுத்து, வெள்ளி மாலை முதல் ஞாயிறு மதியம் வரை ஒன்றாகத் தங்குகிறார்கள். பெண்கள் பாடசாலைத் தோழிகளும் இப்படியே கூடுகிறார்கள்.

நாமும் 1990களின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் உயர்தரம் படித்தவர்கள்தான். மின்சாரம் இல்லாத வருடங்களில் ஜாம் போத்தல் விளக்கில் படித்து, பங்கருக்குள் பாடக் கொப்பிகளோடு இருந்து, பிறகு கிளாலி கடந்தும் கொழும்பு வந்தும் உலகம் முழுக்கச் சிதறிய வகுப்பு எமது வகுப்பு. எனவே இந்த மூன்று நாட்களின் அருமை எமக்குத் தெரியும். யாரையும் பயமுறுத்தி வீட்டில் இருத்துவதற்காக இதை எழுதவில்லை.

இந்தப் பக்கத்தில் இம்முறை ஒன்றுகூடலைப் பற்றி எழுதுவதற்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது, ஐம்பது கடந்த உடலுக்கு அந்த மூன்று நாட்களும் ஒரு சோதனை. இரண்டாவது, வீட்டிலும் வைத்தியரிடமும் சொல்லாததை எமது ஆட்கள் பழைய நண்பனிடம் சொல்வார்கள். அந்தச் சொல் சரியான காதில் விழுந்தால் ஓர் உயிர் தப்பும்.

நட்பும் ஒரு மருந்து

நல்ல உறவுகள் உள்ளவர்கள் நீண்ட காலம் வாழ்கிறார்கள் என்பது வெறும் பொன்மொழி அல்ல. 2010இல் அமெரிக்க ஆய்வாளர்கள் 148 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து, மூன்று இலட்சத்துக்கும் அதிகமானவர்களின் தகவல்களை ஆராய்ந்தார்கள். உறவும் நட்பும் வலுவாக உள்ளவர்கள் ஆய்வுக் காலத்தில் உயிரோடு இருப்பதற்கான வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ 50 வீதம் கூடுதலாக இருந்தது. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் 1938இல் தொடங்கி இன்றும் தொடரும் ஆய்வும், மனிதரின் முதுமைக்கால ஆரோக்கியத்துக்கு அவர்களின் உறவுகள் எவ்வளவு முக்கியம் என்பதையே காட்டுகிறது.

புலம்பெயர்ந்த எமக்கு இதில் ஒரு தனிக் குறை உண்டு. வந்த நாடுகளில் இரண்டு வேலை, பிள்ளைகளின் படிப்பு, வீட்டுக் கடன் என்று வருடங்கள் ஓடிவிட்டன. தெரிந்தவர்கள் நூறு பேர் இருப்பார்கள். பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிட ஒருவர் இருக்கமாட்டார். ஆகவே ஒன்றுகூடலுக்குச் செலவிடும் பணமும் விடுமுறையும் வீண் அல்ல. போகவேண்டும். ஆனால் உடலையும் கூட்டிக்கொண்டுதான் போகிறோம் என்பதை மறக்கக்கூடாது.

53 என்ற வயது

52 நாடுகளில் நடந்த பெரிய ஆய்வொன்றின் தகவல்களில் தெற்காசிய நாடுகளை மட்டும் தனியாகப் பிரித்து ஆராய்ந்த கட்டுரை 2007இல் வெளிவந்தது. இலங்கையும் அதில் அடங்கும். தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வந்த சராசரி வயது 53. ஏனைய நாட்டவர்களுக்கு அது ஏறத்தாழ 59. அதாவது எமது ஆட்களுக்கு ஏறத்தாழ ஆறு வருடம் முந்திவிடுகிறது. 1990களின் தொடக்கத்தில் உயர்தரம் எழுதியவர்கள் தங்கள் வயதை ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

இதைத் தலைவிதி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த ஆய்வே சொன்னது போல, இந்த வயது வித்தியாசத்தின் பெரும்பகுதிக்குக் காரணம் எமக்கு இளவயதிலேயே வந்துவிடும் ஆபத்துக் காரணிகள்தான். புகைத்தல், நீரிழிவு, உயர் குருதி அமுக்கம், கெட்ட கொழுப்பு, வயிற்றைச் சுற்றிய கொழுப்பு, உடற்பயிற்சிக் குறைவு ஆகிய எல்லாமே மாற்றக்கூடியவை அல்லது மருந்தால் கட்டுப்படுத்தக்கூடியவை.

எமது உடல்வாகுக்கு எல்லைகளும் சற்று இறுக்கமானவை. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றரையும் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரையும் தாண்டினால் கவனம் தேவை. உடல் நிறைக் குறியீடு 23 ஆனாலே தெற்காசியர்களுக்கு ஆபத்துக் கூடத் தொடங்குகிறது. 27.5 ஆனால் அது உயர் ஆபத்து. ஆங்கிலேயர்களுக்குச் சொல்லப்படும் 25, 30 என்ற எண்களைப் பார்த்து நாம் ஆறுதல் அடைய முடியாது.

"வாய்வுதான் மச்சான்"

எமது வகுப்பின் ஒன்றுகூடல் ஒன்றில் நடந்ததைச் சொல்கிறோம். சம்பந்தப்பட்ட நண்பர் இதை எழுதச் சொல்லி அனுமதி தந்திருக்கிறார்.

சனிக்கிழமை இரவுச் சாப்பாடு முடிந்து எல்லோரும் பழைய கதைகளில் இருந்தோம். நண்பர் ஒருவர் எழுந்து போய் ஓரமாக இருந்தார். கேட்டதற்கு, "ஒண்டுமில்லை, வாய்வுதான் மச்சான். இஞ்சித் தேத்தண்ணி ஒண்டு குடிச்சிட்டுப் படுத்தாச் சரி" என்றார். அன்று சாப்பிட்ட சாப்பாட்டுக்கு அது நம்பக்கூடிய பதில்தான். ஆனால் விமான நிலையத்திலிருந்து அவரைக் காரில் ஏற்றி வந்த இன்னொரு நண்பர் நம்பவில்லை. அவர் வைத்தியர் அல்ல, பஸ் சாரதி. வரும் வழியில் இவர், "மூண்டு மாசமா படி ஏறினா நெஞ்சுக்கு மேல ஆரோ இருக்கிற மாதிரிக் கிடக்கு" என்று பகிடியாகச் சொல்லியிருந்தார். மகளின் பரீட்சை முடியட்டும் என்று வீட்டில் சொல்லவில்லை. வகுப்பிலேயே அதிகம் வாய் காட்டுபவர் பேசாமல் இருந்ததும், நெற்றி வியர்த்திருந்ததும், தாடையைத் தடவிக்கொண்டிருந்ததும் சாரதி நண்பரின் கண்ணில் பட்டன. அவர் வந்து எம்மைக் கூப்பிட்ட சில நிமிடங்களில் 999க்கு அழைத்தோம். அன்றிரவே மருத்துவமனையில் அடைபட்ட இரத்தக் குழாயைத் திறந்து ஸ்ரென்ற் என்ற சிறு வலைக்குழாயை வைத்தார்கள். இன்று அவர் வேலைக்குப் போகிறார்.

முப்பது வருடங்களுக்கு மேலாக அவரை அறிந்த ஒருவருக்குத்தான் அந்த மௌனம் வித்தியாசமாகத் தெரிந்தது. எமது பரிசோதனை அறையில் பத்து நிமிடத்தில் இதைக் கண்டுபிடிப்பது எளிதல்ல. அதைவிட முக்கியம், அந்த மூன்று மாத அறிகுறியோடு அவர் எந்தப் பரிசோதனை அறைக்கும் போகவே இல்லை.

மாரடைப்பு எப்போதும் சினிமாவில் வருவது போல நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுவதாக இருக்காது. நெஞ்சில் பாரம் அல்லது இறுக்கம், அது கை, கழுத்து, தாடை, முதுகு ஆகியவற்றுக்குப் பரவுதல், வியர்வை, மூச்சு வாங்குதல், குமட்டல், தலைச்சுற்று என்று பலவாறாக வரும். பெண்களுக்கும் நெஞ்சுநோவே பொதுவான அறிகுறி. ஆனால் மூச்சு வாங்குதல், குமட்டல், முதுகு நோ என்பவை சேர்ந்து வந்து கவனத்தைத் திருப்பிவிடலாம். பல வருடம் நீரிழிவு உள்ளவருக்கு நோ மிகக் குறைவாகவோ இல்லாமலோ கூட இருக்கலாம்.

சந்தேகம் வந்தால் 999க்கு அழையுங்கள். காரில் ஏற்றிக்கொண்டு ஓடாதீர்கள். நோயாளியை ஓரிடத்தில் இருத்துங்கள். அஸ்பிரின் ஒவ்வாமை இல்லாதவருக்கு, கையருகே இருந்தால் 300 மில்லிகிராம் குளிசை ஒன்றை மென்று விழுங்கக் கொடுக்கலாம். அதைத் தேடிக் கடைக்குப் போக வேண்டாம். இஞ்சித் தேத்தண்ணியும் ஓமத் தண்ணியும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சனிக்கிழமைத் துடுப்பாட்டம்

கையில் மட்டை கிடைத்ததும் எல்லோருக்கும் பதினேழு வயது வந்துவிடும். வருடம் முழுவதும் கதிரையில் இருந்துவிட்டு ஒரு நாள் மட்டும் முழுவேகத்தில் ஓடினால் குதிநாண் அறுவதும் தொடைத்தசை கிழிவதும் சாதாரணம். ஒழுங்காக உடற்பயிற்சி செய்யாதவருக்குத் திடீர்க் கடும் முயற்சி இதயத்துக்கும் ஆபத்து. ஒன்றுகூடலுக்கு ஆறு வாரம் முன்பிருந்தே தினமும் அரை மணி நேரம் வேகமாக நடக்கத் தொடங்குங்கள். அப்படி நடக்கும்போது நெஞ்சு இறுகினால் துடுப்பாட்டத்துக்கு முன் குடும்ப வைத்தியரைப் பாருங்கள். விளையாடும் நாளில் பத்து நிமிடம் உடலைச் சூடாக்கிக்கொள்ளுங்கள். இரவு முழுக்க விழித்திருந்து குடித்தவர்கள் மறுநாள் நடுவராக நிற்கலாம்.

யாராவது திடீரென விழுந்து, பேச்சுமூச்சின்றிக் கிடந்தால் அல்லது மூச்சு இயல்பாக இல்லாவிட்டால், 999க்கு அழைத்துத் தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு நெஞ்சின் நடுவே அழுத்தத் தொடங்குங்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 முதல் 6 சென்ரிமீற்றர் ஆழம். அருகில் இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவி எங்கே இருக்கிறது என்பதைத் தொலைபேசியில் உள்ளவர் சொல்வார். அந்தக் கருவியே என்ன செய்யவேண்டும் என்று பேசி வழிகாட்டும். பயிற்சி இல்லாதவரும் பயன்படுத்தலாம்.

கிளாசும் குளிசையும்

இங்கே வாரம் ஒன்றுக்கு 14 அலகுக்கு மேல் மது அருந்த வேண்டாம் என்பது 2016 முதல் ஆண், பெண் இருபாலாருக்கும் உள்ள அறிவுரை. 70 சென்ரிலீற்றர் விஸ்கிப் போத்தல் ஒன்றில் 28 அலகு இருக்கிறது. அதாவது அரைப் போத்தல் என்பது ஒரு முழு வாரத்துக்கான எல்லை. ஈரல் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ ஓர் அலகையே கரைக்கும். இரவு எட்டு மணிக்குத் தொடங்கி அரைப் போத்தல் குடித்தவரின் உடலில் மறுநாள் காலை பத்து மணிக்கும் மது இருக்கலாம். ஞாயிறு காலையில் நண்பர்களை விமான நிலையத்துக்கு ஏற்றிச் செல்பவர் இதைக் கட்டாயம் நினைவில் வைக்கவேண்டும்.

நீரிழிவுக்காக இன்சுலின் போடுபவர்களும், கிளிக்கிளசைட் போன்ற குளிசை எடுப்பவர்களும் இன்னும் கவனமாக இருக்கவேண்டும். சாப்பிடாமல் குடித்தால் இரத்தச் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கும். அப்போது வியர்க்கும், நடுங்கும், நாக்குக் குழறும், நடை தள்ளாடும், காரணமில்லாமல் கோபம் வரும். பார்ப்பவர்கள் "இவருக்கு ஏறிவிட்டது, படுக்க விடுங்கோ" என்று சொல்லிவிடுவார்கள். வெறி என்று நினைத்துப் படுக்கவிட்டவர் காலையில் எழும்பாமல் போகலாம். நீரிழிவு உள்ளவர் தள்ளாடினால் முதலில் சீனியைப் பாருங்கள். 4க்குக் கீழே இருந்தால், அல்லது பார்க்கக் கருவி இல்லையென்றால், ஒரு சிறு கிளாஸ் பழச்சாறோ சீனி போட்ட குளிர்பானமோ கொடுங்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் மீண்டும் பாருங்கள். மயங்கிக் கிடப்பவருக்கு வாயில் எதுவும் ஊற்றக்கூடாது. ஒருக்களித்துப் படுக்கவைத்து 999க்கு அழையுங்கள்.

நண்பர்களுக்குள் எல்லாவற்றையும் பகிரலாம், குளிசைகளைத் தவிர. உடல் நோவுக்கு ஒருவர் தரும் ஐபுபுரோபன் இன்னொருவரின் சிறுநீரகத்தையும் வயிற்றையும் பாதிக்கலாம். ஆண்மைக் குறைபாட்டுக்கான குளிசைகளை விளையாட்டாகப் பகிர்வதும் நடக்கிறது. நெஞ்சுநோவுக்கு நாக்கின் கீழ் மருந்து அடிப்பவர் அதை எடுத்தால் குருதி அமுக்கம் அதலபாதாளத்துக்கு விழும். அப்படி ஒன்றை எடுத்திருந்த நாளில் நெஞ்சுநோ வந்தால் அம்புலன்ஸ் ஊழியரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. ரோல்சும் கொத்து ரொட்டியும் ஆட்டிறைச்சிப் பிரட்டலும் இல்லாமல் ஒன்றுகூடல் ஏது? ஒரு நாளில் ஒரு நேரம் பெருஞ்சாப்பாடு என்று வைத்துக்கொண்டு, மற்ற நேரங்களில் இலேசாகச் சாப்பிடுங்கள். சாப்பிட்டபின் எல்லோருமாக அரை மணி நேரம் நடந்தால் கதையும் நடக்கும், சீனியும் இறங்கும். மிஞ்சிய சோற்றை இரவு முழுக்க மேசையில் விடாமல் ஒரு மணி நேரத்துக்குள் ஆறவைத்துக் குளிரூட்டியில் வையுங்கள். மறுநாளே முடித்துவிடுங்கள்.

பதிவேட்டில் உள்ள பெயர்கள்

எமது வகுப்புகள் கூடும்போது வேறு நாட்டவரின் ஒன்றுகூடல்களில் இல்லாத ஒரு நேரம் வரும். யாரோ ஒருவர் பழைய வரவுப் பதிவேட்டின் ஒழுங்கில் பெயர்களைச் சொல்லத் தொடங்குவார். அந்த ஒழுங்கு எல்லோருக்கும் இன்னும் மனப்பாடம். சில பெயர்களுக்குப் பதில் வராது. செல் விழுந்து இறந்தவர், இயக்கத்துக்குப் போனவர், 1995 இடப்பெயர்வோடு தொடர்பு விட்டுப்போனவர், 2009க்குப் பிறகு எங்கே என்று தெரியாதவர்.

அந்த நேரத்தில் சிலர் அழுவார்கள். சிலர் எழுந்து வெளியே போய்விடுவார்கள். சிலர் அடுத்த கிளாசை நிரப்புவார்கள். இவை எதுவும் பலவீனம் அல்ல. ஆனால் வீடு திரும்பிய பின் வாரக்கணக்கில் கெட்ட கனவு, சிறு சத்தத்துக்கும் திடுக்கிடல், நித்திரையின்மை, யாரோடும் பேச மனமின்மை, "அவன் போய்விட்டான், நான் ஏன் இருக்கிறேன்" என்ற குற்ற உணர்வு ஆகியவை தொடர்ந்தால் அது சிகிச்சை தேவைப்படும் நிலை. இதற்கு நல்ல சிகிச்சைகள் இருக்கின்றன. இங்கிலாந்தில் பேச்சுவழிச் சிகிச்சைக்குக் குடும்ப வைத்தியர் மூலமும் போகலாம், நேரடியாகவும் விண்ணப்பிக்கலாம். தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறலாம். அதற்குக் கட்டணம் இல்லை.

நினைவுகூருவதை விடவேண்டாம். ஆனால் அதை நள்ளிரவில், எல்லோரும் குடித்திருக்கும் நேரத்தில் வைக்காதீர்கள். பகலில், முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்யுங்கள். விரும்பாதவர் விலகி இருக்க இடம் கொடுங்கள். விலகிப் போனவரோடு ஒருவர் போய் இருங்கள். பேசவேண்டியதில்லை, பக்கத்தில் இருந்தால் போதும். "நீ என்ன பார்த்தாய், சொல்லு" என்று எவரையும் வற்புறுத்தாதீர்கள்.

வராத நண்பர்

கூப்பிட்டும் வராதவர் ஒவ்வொரு வகுப்பிலும் இருப்பார். "லீவு கிடைக்கவில்லை" என்பார். உண்மையில் வியாபாரம் நொடித்திருக்கலாம், குடும்பம் பிரிந்திருக்கலாம், வேலை போயிருக்கலாம், குடி கூடியிருக்கலாம். வந்தால் எத்தனை அறை வீடு, பிள்ளை எந்தப் பல்கலைக்கழகம் என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்லவேண்டும் என்பதாலேயே வராமல் விடுகிறார். எமது கணிப்பில், அந்த வகுப்பில் உதவி அதிகம் தேவைப்படுபவர் அவராகத்தான் இருக்கக்கூடும்.

குழுவில் செய்தி போடுவது போதாது. அவரோடு நெருக்கமாக இருந்த ஒருவர் தனியாகத் தொலைபேசி எடுக்கவேண்டும். செலவு தடை என்றால் மற்றவர்களுக்குத் தெரியாமல் ஒழுங்கு செய்யலாம். பேச்சில் நம்பிக்கையின்மை தெரிந்தால், "உயிரை மாய்க்கிற எண்ணம் வருகுதோ?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. கேட்டதே பலருக்கு ஆறுதல். ஆம் என்றால் தனியே விடாதீர்கள். இங்கே சமாரிட்டன்ஸ் சேவை 116 123 என்ற இலக்கத்தில் இரவு பகல் இலவசமாகக் கிடைக்கும். 111க்கும் அழைக்கலாம். உடனடி ஆபத்து என்றால் 999.

ஏற்பாட்டாளர்களுக்குச் சில குறிப்புகள்

1. வருபவர்களின் நோய்கள், ஒவ்வாமை, எடுக்கும் மருந்துகள், வீட்டுத் தொலைபேசி இலக்கம் ஆகியவற்றை விரும்பியவர்களிடம் பெற்று ஒரு தாளில் வையுங்கள்.

2. தங்கும் வீட்டின் முழு முகவரியையும் தபால் குறியீட்டையும் சமையலறைச் சுவரில் ஒட்டுங்கள். 999க்கு அழைத்தபின் முகவரி தேடுவதில் நேரம் போகக்கூடாது.

3. விமானத்தில் வருபவர்கள் மருந்துகளையும் இன்சுலினையும் கைப்பொதியில் வைக்கவேண்டும். நாலு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்தில் இடைக்கிடை எழுந்து நடக்கவேண்டும். பயணத்தின் பின் ஒரு கால் மட்டும் வீங்கி நொந்தால் உடனே வைத்தியரைப் பாருங்கள்.

4. குருதி அமுக்கம் பார்க்கும் கருவி ஒன்றும் அளவுநாடா ஒன்றும் கொண்டு வாருங்கள். எமது வகுப்பில் சனி காலை இதை ஒரு போட்டி போலவே நடத்தினோம். பகிடியும் சிரிப்புமாக நடந்தாலும், "இப்ப சுகம்தானே" என்று மருந்தை நிறுத்தியிருந்த நண்பர் ஒருவர் அன்று பிடிபட்டார். ஆறுதலாக இருந்து பார்த்தும் 135/85ஐத் தாண்டி நின்றால் ஊர் திரும்பியதும் வைத்தியரைப் பார்க்கவேண்டும். 180/120ஐத் தாண்டினால் அன்றே பார்க்கவேண்டும்.

5. இங்கிலாந்தில் வசிக்கும், ஏற்கனவே இதய நோயோ நீரிழிவோ இல்லாத 40 முதல் 74 வயதுடையவர்களுக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை இலவச உடற்பரிசோதனை உண்டு. அழைப்புக் கடிதத்தை மேசையில் போட்டு வைக்காமல் போய்ச் செய்யுங்கள்.

ஒன்றுகூடல் முடிந்து படங்கள் எல்லாம் பகிரப்பட்ட பிறகு, சோடி சோடியாகப் பிரிந்து, மாதம் ஒருமுறை ஒருவரையொருவர் அழைப்பது என்று பேசிக்கொள்ளுங்கள். "மருந்து போடுறியோ? ரெஸ்ற் செய்தனியோ?" என்று மனைவி கேட்டால் கோபம் வரும், வைத்தியர் கேட்டால் தலையாட்டல் வரும், பதினோராம் வகுப்பில் பக்கத்தில் இருந்தவன் கேட்டால் உண்மை வரும். அந்த உரிமையை எமது வகுப்புகள் பயன்படுத்தவேண்டும். ஏற்கனவே பல பெயர்களைப் போருக்குக் கொடுத்துவிட்டோம். மிஞ்சியவர்களில் ஒருவரையும் கவனிக்காமல் விட்ட நெஞ்சுநோவுக்குக் கொடுக்கவேண்டியதில்லை.

(இங்கே தரப்பட்டவை பொதுவான விளக்கங்களே. உங்கள் நோய், மருந்து பற்றிய முடிவுகளை உங்கள் குடும்ப வைத்தியருடன் பேசி எடுங்கள். வேறு நாடுகளில் வசிக்கும் வாசகர்கள் அந்தந்த நாட்டின் அவசர இலக்கங்களை அறிந்து வைத்திருங்கள்.)